பெர்மனன்ட் என்று சொன்னது நான்

மகனே, சனிக்கிழமை என் சாமான்களை ஏற்ற வான் பிடித்துக்கொண்டு வராதே. நான் வரப்போவதில்லை. டூட்டிங்கில் கீழ்த்தளத்திலேயே இரண்டு அறை வீடு கிடைத்திருக்கிறது, படி ஏறத் தேவையில்லை, எங்கள் ஆட்களின் கடைகள் எல்லாம் காலடியில் இருக்கின்றன, இடியப்பமும் சொதியும் நடந்துபோய் வாங்கலாம் என்று போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொல்லச் சொல்ல, நான் "ஓம், ஓம்" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். நீ அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாய். நான் இருக்கிற இந்த வெம்பிளி வீட்டை விற்கப்போகிறாய், கவிதாவும் நீயும் பிரிவதற்கான கடதாசிகளில் வருகிற கிழமை கையெழுத்து வைக்கப்போகிறாய் என்று அதே மூச்சில் சொன்னாய். அதற்குப் பிறகு நான் சொன்ன ஓம்களை நீ கணக்கில் எடுக்க வேண்டாம்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் நீ என்னைப் பேச விடுவதில்லை. சாப்பிட்டீங்களோ, மருந்து போட்டீங்களோ என்று கேட்பாய், நான் பதில் சொல்வதற்குள் உனக்கு ரயில் வந்துவிடும். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அதோடு, முகத்தைப் பார்த்தோ குரலைக் கேட்டோ சொல்லக்கூடிய விஷயம் இல்லை இது. நீ கவிதாவை விட்டுப் போனதற்கு ஒரே ஒரு காரணம்தான் சொல்கிறாய். அம்மா தன் கட்டிலில் கண்ணை மூடாமல், தெரியாத ஆட்களின் நடுவே கண்ணை மூடியதற்குக் கவிதாவின் வாய்தான் காரணம் என்கிறாய். அந்த வாய் என்னுடையது. சொல்லிவிட்டேன். இனி அது எப்படி நடந்தது என்று எழுதுகிறேன். பாதியில் மடித்து வைக்காமல் வாசி.

அம்மாவுக்குக் கை கால் உதறுகிற அந்த நடுக்க வருத்தம் கூடி, படி ஏற ஏலாமல் போன வருஷம் நீ என்ன பாடு பட்டாய் என்று எனக்குத் தெரியும். வீட்டின் கீழ்த் தட்டில் கழிப்பறை இல்லை, கட்டவும் இடமில்லை. அப்போதுதான் தொழிற்சாலையிலேயே செய்து கொண்டுவந்து பின் தோட்டத்தில் வைக்கிற வீட்டைப் பற்றி எங்கேயோ கேள்விப்பட்டு வந்தாய். இரண்டு பாதியாக லொறியில் வந்தது. பக்கத்து ஒழுங்கைப் பாதையால் தள்ளிக்கொண்டு வந்து, இரும்புக் கால்களில் ஏற்றி, நடுவில் பொருத்தி, நாலு நாளில் கட்டிலும் குளியலறையும் சமையல் மேடையுமாக ஒரு வீடு நின்றது. அடியில் இருந்த இடைவெளியைச் சுற்றி வெள்ளைப் பலகையால் மறைத்தார்கள். அதற்கு வெள்ளைக்காரன் பாவாடை என்றே பெயர் வைத்திருக்கிறான் என்று நீ சொன்னபோது அம்மா எவ்வளவு சிரித்தாள். அதன் பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு, ஒரு கடதாசியைக் காட்டிச் சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னாய். இந்த வீடு தன் பாரத்திலேயே நிற்க வேண்டும், நிலத்தோடு பிணைக்கக் கூடாது. தூக்கிக்கொண்டு போகக்கூடியதாக இருக்கும்வரை சட்டத்துக்கு இது ஒரு கரவன், இழுத்துக்கொண்டு போகிற வண்டி வீடு மாதிரி, அதற்கு அனுமதி தேவையில்லை. பிணைத்தால் கட்டடம், அதற்குக் கவுன்சில் அனுமதி வேண்டும், இந்தத் தோட்டத்தில் அது கிடைக்காது. "அப்பா, கீழை மட்டும் கை வைச்சிடாதேங்கோ" என்றாய். நான் தலையாட்டினேன்.

நீ வேலைக்குப் போய்விடுவாய், கவிதாவும் ஆஸ்பத்திரி மருந்தகத்துக்குப் போய்விடுவாள். பகல் முழுக்க அங்கே நானும் அம்மாவும்தான். அந்த வீட்டில் யார் நடந்தாலும் தரை மெல்ல அதிரும். நீயும் நானும் அதைக் கவனிக்க மாட்டோம். படுக்கையில் கிடக்கிறவளுக்கு அது முதுகில் தெரியும். ஒரு நாள் தேத்தண்ணி கொண்டு போனேன். கோப்பையைப் பார்க்காமல் என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இஞ்சாருங்கோ, நான் ஆடுறனோ வீடு ஆடுதோ எண்டு எனக்குத் தெரியேல்லை" என்றாள். அழவில்லை, முறைப்பாடாகவும் சொல்லவில்லை. உண்மையாகவே அவளுக்குத் தெரியவில்லை. இருபது வருஷம் ஊரில் கட்டட வேலைகளை மேற்பார்க்கிற ஓவசியராக இருந்தவன் நான், அதில் பாதிக் காலம் அத்திவாரக் கிடங்குகளுக்குள் இறங்கி நின்றவன். எனக்கு அந்தக் கேள்வியைத் தாங்க முடியவில்லை. அவளுடைய நடுக்கத்தை நிறுத்த என்னால் ஏலாது, வீட்டின் நடுக்கத்தையாவது நிறுத்தலாம் என்று நினைத்தேன்.

சந்தைக்கு இழுத்துக்கொண்டு போகிற சில்லு வைத்த பையில் ஒரு முறைக்கு ஒரு சீமெந்து மூட்டை கொண்டுவந்தேன். பஸ்ஸில் ஒரு பிள்ளை எழும்பி இடம் கொடுத்து, பையில் அரிசியா என்று கேட்டது. நானும் அரிசி என்றேன். உடுப்புத் தோய்க்கிற தொட்டியில் குழைத்து, பாவாடைப் பலகையைக் கழற்றி, இந்த வயதில் வயிற்றால் ஊர்ந்து உள்ளே போய், பன்னிரண்டு கால்களையும் சுற்றிக் கிடங்கு வெட்டிக் கொங்கிறீற் போட்டேன். இரும்புச் சட்டத்தைக் கம்பியால் அதோடு பிணைத்தேன். முதல் கிடங்குக்கு அம்மாவிடம் போய், ஏதாவது பொன் வேண்டும் என்று கேட்டேன். அத்திவாரம் என்றால் எங்கள் ஆட்கள் சும்மா போடுவார்களா. அவள் பழைய தோட்டின் பின்னால் திருகுகிற உடைந்த சுரை ஒன்றைத் தேடி எடுத்துத் தந்தாள். அதையும் ஒரு மஞ்சள் துண்டையும் வைத்து, விளக்கு ஏற்ற முடியாததால் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி மண்ணில் குத்திவிட்டுத்தான் சீமெந்தை ஊற்றினேன். சட்டத்துக்குக் கரவன், எனக்கு வீடு. மூன்று கிழமை எடுத்தது. பலகையைத் திரும்பப் பூட்டினால் ஒரு குஞ்சுக்கும் தெரியாது. இதுவரை உனக்குத் தெரியும். கவுன்சில் கடிதம் வந்த பிறகு இவ்வளவையும் நானே ஒப்புக்கொண்டேன், நீயும் கொஞ்ச நாள் முகத்தைத் திருப்பிவிட்டு, அம்மாவுக்காகச் செய்தார் என்று மன்னித்துவிட்டாய்.

உனக்குத் தெரியாதது, கவிதாவுக்கு இது முதலிலேயே தெரியும் என்பது. ஒரு சனிக்கிழமை துணி காயப்போட வந்தவள் தொட்டியின் ஓரத்தில் காய்ந்திருந்த சீமெந்தைச் சுரண்டிப் பார்த்துவிட்டு, நேரே என்னிடம் வந்தாள். "மாமா, அஸ்திவாரம் போட்டீங்களா?" என்று கேட்டாள். உங்கடை தமிழ்நாட்டிலை அஸ்தியிலையோ வீடு கட்டுறனீங்கள் என்று நான் பகிடி விட்டேன். அவள் வழக்கம்போலச் சிரிக்கவில்லை. இது சரியில்லை, கவுன்சிலுக்குத் தெரிந்தால் அத்தைக்குத்தான் சிக்கல், உன்னிடம் சொல்லிவிடுவோம் என்றாள். நான் கெஞ்சினேன். மாமி இப்போதுதான் நிம்மதியாகக் கிடக்கிறாள், கொஞ்ச நாள் போகட்டும், நானே சொல்கிறேன் என்றேன். அவள் எனக்காக வாயை மூடினாள். நான் பிறகும் உன்னிடம் சொல்லவில்லை.

இந்த இடத்தில் ஒன்றை ஒளிக்காமல் எழுத வேண்டும். நீ அவளைக் கட்டப்போகிறேன் என்று சொன்னபோது, தமிழ்நாட்டுப் பிள்ளைக்கு எங்கடை வருத்தம் விளங்குமோ என்று கேட்டவன் நான். பிளேஸ்டோவில் அப்போது நாங்கள் இருந்த வாடகை வீட்டின் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று கேட்டேன். அம்மாதான் என்னை அதட்டினாள். கலியாணத்துக்குப் பிறகு நான் கவிதாவோடு நல்லாய்த்தான் இருந்தேன், பகிடி விட்டேன், அவள் வைக்கிற சாம்பாரைப் புகழ்ந்தேன். ஆனால் மனதின் ஒரு மூலையில் அவள் வெளியாள் என்ற நினைப்பு இருந்துகொண்டே இருந்தது என்று இப்போது தெரிகிறது. இல்லாவிட்டால் பிறகு நடந்ததை நான் அவள் தலையில் அவ்வளவு லேசாக விழ விட்டிருக்க மாட்டேன்.

சீமெந்து இறுகிய பிறகு வீடு கல் மாதிரி நின்றது. நான் வேண்டுமென்று கால்களை ஊன்றி நடந்து காட்டுவேன். அம்மா ஓம், ஆடேல்லை என்பாள். இரண்டு மூன்று கிழமை கழித்து ஒரு பின்னேரம் நீ வேலையால் நேரே அவளைப் பார்க்க உள்ளே வந்தாய். அவள் திடுக்கிட்டுப் போனாள், நினைவிருக்கிறதா. நீ போன பிறகு அவள் என்னிடம் சொன்னதை இன்றுவரை உன்னிடம் சொல்லவில்லை. "முந்தித் தம்பி வாசல்லை கால் வைச்ச உடனை கட்டிலிலை தெரியும். ஆர் வாறது எண்டு பாக்காமலே எனக்குத் தெரியும். இப்ப ஒண்டும் தெரியுதில்லை" என்றாள். நான் நல்லது என்று நினைத்துச் செய்ததால், நீ வருவது அவளுக்குத் தெரியாமல் போயிற்று. கேட்டுவிட்டுச் செய்யலாம் என்ற எண்ணம் எனக்கு வாழ்நாளில் வந்ததில்லை. உனக்கும் அந்தக் குணம் என்னிடமிருந்துதான் வந்திருக்கிறது. ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் முடிவெடுக்கிற அந்தக் கெட்ட பழக்கத்தை விட்டுவிடு, நான் விட்டதே இல்லை.

பெர்மனன்ட் என்ற சொல்லைப் பற்றி உனக்கு ஒரு கதை ஞாபகம் இருக்குமோ தெரியாது. நாங்கள் இங்கே வந்து ஒன்பது வருஷம் தற்காலிக விசாவில் இருந்தோம். ஒவ்வொரு முறையும் புதுப்பிக்கிற கடிதம் வரும்வரை அம்மா புதுப் பாத்திரம்கூட வாங்க மாட்டாள். ஒவ்வொரு படிவத்திலும், ஒவ்வொரு அரசாங்கக் கந்தோரிலும், கோப்பும் கையுமாக இருக்கிற ஆள் கேட்கிற முதல் கேள்வி நீ நிரந்தரமா என்பதுதான். இல்லை என்று சொல்லும்போது அவர்களின் முகம் மாறுவதைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பழகிவிட்டது. கடைசியில் பெர்மனன்ட் என்று எழுதிய கடிதம் வந்த அன்று நான் அந்த ஒரு சொல்லை உரக்க வாசித்தேன். உனக்கு எட்டு வயது. அப்பிடி எண்டால் என்ன அப்பா என்று கேட்டாய். இனி ஒருத்தரும் எங்களை எழும்பு எண்டு சொல்லேலாது என்றேன். எனக்கு ஆங்கிலத்தில் அதைவிட நல்ல சொல் கிடையாது.

போன ஐப்பசியில் பக்கத்து வீட்டில் யாரோ முறைப்பாடு எழுதிப்போட்டு, கவுன்சிலில் இருந்து ஒரு அம்மா வந்தார். ஐம்பது வயதிருக்கும், மழைக் கோட், கையில் கோப்பு. அன்றைக்குக் கவிதாவுக்கு லீவு, அவள்தான் பக்கத்துக் கேட்டைத் திறந்து விட்டாள். அந்த அம்மா நீ தந்த கடதாசிகளைக் கவிதாவிடம் வாங்கிப் பார்த்தார், வீட்டைச் சுற்றி நடந்தார், படம் எடுத்தார், எல்லாம் சரி என்பதுபோலத் தலையாட்டினார். கவிதா போன் அடிக்கிறது என்று உள்ளே போனாள். நான் வாசல் கதிரையில் இருந்தேன். அவர் போகிற போக்கில் கோப்பை மூடிக்கொண்டு, மரியாதைக்குப் பேசுவதுபோல என்னிடம் கேட்டார். இது தற்காலிகமாக வைத்திருக்கிறதா, நிரந்தரமா என்று.

மகனே, நான் எழும்பி நின்றேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பெர்மனன்ட் மேடம், வெரி பெர்மனன்ட் என்றேன். நான் இன்ஜினியரிங் டிப்பார்ட்மென்டில் இருந்தவன், என் கையால் செய்தது, வாருங்கள் காட்டுகிறேன் என்றேன். நீ சொன்னதெல்லாம் மறந்துபோனதா என்றால், மறக்கவில்லை. உன்னுடைய கடதாசி எங்கேயோ ஒரு பக்கத்தில் இருந்தது. ஆனால் கோப்போடு நிற்கிற ஒரு ஆளிடம் நாங்கள் நிரந்தரம் இல்லை என்று இன்னொரு முறை சொல்ல என் வாய்க்கு வரவில்லை. குனிந்து பாவாடைப் பலகையை நானே கழற்றினேன். அந்த நேரம் பார்த்துக் கவிதா குசினி ஜன்னலால் கண்டுவிட்டு, கையில் போனோடு ஓடிவந்தாள். "மாமா, வேண்டாம். விடுங்க, மாமா" என்று தமிழில் சொன்னாள். பொறு பிள்ளை, எனக்குத் தெரியும் என்று நான் அவளைக் கையால் விலக்கினேன். கவுன்சில் அம்மா முழங்காலிட்டு டோர்ச் அடித்துப் பார்த்தார். மிக நல்ல வேலை என்று சொன்னார். பொய் சொல்லவில்லை, உண்மையாகவே நல்ல வேலைதான். நான் அவருக்குத் தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டேன்.

கவுன்சில் கடிதம் வந்த பின்னேரம் நீ அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்து வாசித்தாய். நிலத்தோடு நிரந்தரமாகப் பிணைக்கப்பட்டிருக்கிறது, வீட்டில் இருப்பவர் ஒருவரே அதை உறுதிப்படுத்தி அடிப்பக்கத்தைத் திறந்து காட்டினார் என்று எழுதியிருந்தது. சீமெந்து போட்டது நான்தான் என்று அப்போதே சொன்னேன். அதுவரைக்கும் என் தைரியம் போதுமாக இருந்தது. பிறகு நீ கேட்டாய், "ஆர் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினது?" என்று. கவிதா என்னை ஒரு முறை பார்த்தாள். நான் கறியில் இருந்த கறிவேப்பிலையை ஒதுக்கிக்கொண்டிருந்தேன். பிறகு, "கேட்டை நான்தான் திறந்துவிட்டேன்" என்றாள். அவள் சொன்னதில் ஒரு எழுத்தும் பொய் இல்லை. நீ அதைக் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்தாய், நான் உன்னைத் திருத்தவில்லை.

இது எனக்கு முதல் தடவை இல்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். ஓவசியராக இருந்த காலத்தில் ஒரு பள்ளிக்கூட மதிலுக்கு நான் ஆழம் பார்க்காமல் கையெழுத்து வைத்தேன். முதல் மாரிக்கே அது சரிந்தது. யாருக்கும் அடிபடவில்லை. விசாரணையில் யாருடைய பிழை என்று எழுத வேண்டிய இடத்தில் மதிலைக் கட்டிய மேசனின் பெயரை எழுதினேன். அவன் எனக்கு முன்னால் நின்றான், ஐயா எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்றான். அவனை வேலையில் இருந்து நிறுத்தினார்கள். இதை அம்மாவிடமும் நான் சொன்னதில்லை. ஒருமுறை இன்னொருவன் தலையில் போட்டுத் தப்பியவனுக்கு அடுத்த முறை கை கூசாது என்பதற்கு நான்தான் சாட்சி.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். கொங்கிறீற்றை உடைத்து, வீட்டை மறுபடி அசைக்கக்கூடியதாக ஆக்கினால் கவுன்சில் விட்டுவிடும். ஆனால் உடைப்பதென்றால் வீடு காலியாக இருக்க வேண்டும், மூன்று கிழமை. அம்மாவை அந்த மூன்று கிழமைக்குப் பராமரிப்பு இல்லத்தில் விட்டோம். தற்காலிகம்தான் அம்மா என்று நீ அவள் காதுக்குள் சொன்னாய். நான் ஒவ்வொரு நாளும் காலையில் போய்ப் பின்னேரம் வரை இருந்தேன். ஒவ்வொரு நாளும் எப்ப வீட்டை போறம் என்று கேட்பாள், நாளைக்கு என்பேன். நல்ல ஆட்கள், நன்றாகத்தான் பார்த்தார்கள், ஆனால் அவளுக்கு அவர்கள் பேசுவது விளங்காது, அவள் முனகுவது அவர்களுக்கு விளங்காது. பத்தொன்பதாம் நாள் விடிய நான் போவதற்கு முன்பே போய்விட்டாள். தோட்டத்தில் அன்றைக்குப் பதினோராவது காலின் கொங்கிறீற்றை உடைத்துக்கொண்டிருந்தார்கள். செத்தவீட்டுக்கு வந்த ஆட்கள் போன பிறகு நான் போய் அந்த உடைசலுக்குள் தோட்டுச் சுரையைத் தேடினேன், கிடைக்கவில்லை.

சுடலைக்குப் போவதற்கு முன், மண்டபத்தில் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று கவிதாவிடம் நீ சொன்னாய். "நீ வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அம்மா தன்ரை கட்டிலிலை போயிருப்பா." மெதுவாகத்தான் சொன்னாய். நான் இரண்டடி தள்ளி நின்றேன், எனக்குக் கேட்டது. கவிதா அம்மாவின் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள், கையை எடுக்கவில்லை. அந்த நேரம் நான் சொல்லியிருக்க வேண்டும். ஐயர் வந்துவிட்டார், ஆட்கள் நிற்கிறார்கள், பிறகு சொல்லலாம் என்று எனக்கு நானே சொன்னேன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த அடுத்த கிழமை நீ பெட்டியைக் கட்டிக்கொண்டு போனாய். அப்போதும் நான் ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அப்பனை இழந்துவிடுவாயே என்று உனக்காக நான் பயப்படவில்லை, மகனே. நான் உன்னை இழந்துவிடுவேன் என்றுதான் பயந்தேன். என்னுடைய பயத்தைத்தான் பார்த்தேன், அவளுடைய வாழ்க்கையைப் பார்க்கவில்லை.

இந்த ஆறு மாதமும் நான் யாருடைய சோற்றைச் சாப்பிட்டேன் என்று யோசித்துப் பார். நீ அவளை விட்டுப் போனாய், நான் அவளோடு இருந்தேன். மாத்திரைகளைக் கிழமை நாள் எழுதிய பெட்டியில் பிரித்து வைப்பாள். ஷிப்ட் முடிந்து வந்து, நான் புளிக்கறி கேட்டேன் என்பதற்காக வெம்பிளிக் கடைத்தெருவில் முருங்கைக்காய் தேடிப் போவாள். ஒரு நாள்கூட அந்தப் பேச்சை எடுத்ததில்லை. சில நேரம் அவள் மேல்மாடியில் போனில் தன் அம்மாவோடு கதைப்பது கேட்கும். எல்லாரும் நல்லா இருக்கோம்மா, அவருக்கு வேலை ஜாஸ்தி என்பாள். பிறகு குழாயைத் திறந்துவிட்டு நெடு நேரம் நிற்பாள். நான் சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு என் அறைக்குப் போய்விடுவேன். தோட்டத்து வீடு இப்போது சட்டப்படி சரி. வெறுமையாக நிற்கிறது, யார் வேண்டுமானாலும் அசைக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்த பிறகு நான் கீழே வந்து அவளிடம் சொன்னேன், தம்பிக்கு எல்லாத்தையும் எழுதப்போறன் என்று. வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்தாள். வேண்டாம் மாமா என்றாள். ஏன் பிள்ளை, நான் செய்த பிழைக்கு நீ ஏன் இவ்வளவு நாள் வாய் திறக்கவில்லை, முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். ஆறு மாதத்துக்குப் பிறகு கேட்கிறேன், வெட்கமில்லாமல். அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"முதல்ல நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன். அப்புறம் அத்தை போயிட்டாங்க. அன்னிக்கு நான் சொல்லியிருந்தா, அவருக்கு ஒரே வாரத்துல அம்மாவும் இல்லாம அப்பாவும் இல்லாமப் போயிருக்கும். நான் போனா அவருக்கு வேற ஒருத்தி கிடைப்பா, மாமா. அப்பா கிடைக்க மாட்டார்."

இவ்வளவுதான் சொன்னாள். மறுபடி வெங்காயத்தை வெட்டத் தொடங்கினாள். எனக்கு எழுபத்துநாலு வயது. இவ்வளவு காலத்தில் என்னைப் பற்றி யாரும் அவ்வளவு உயர்வாக நினைத்ததில்லை, அதற்கு நான் இவ்வளவு தகுதியில்லாதவனாய் இருந்ததும் இல்லை. அவள் வேண்டாம் என்று சொன்ன கடிதத்தைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். நாளைக் காலை நானே நடந்துபோய்த் தபாலில் போடுவேன்.

என்னோடு பேச விருப்பமில்லாவிட்டால் பேசாதே. எவ்வளவு காலம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள், நான் ஏன் என்று கேட்க மாட்டேன். அம்மாவின் வருஷத் திவசத்துக்கு நான் வரக்கூடாது என்றால் சொல், தள்ளி நிற்கிறேன். ஆனால் சனிக்கிழமை வா. ரயிலில் வா, வெறுங்கையோடு வா. உன்னிடம் இருக்கிற திறப்பைப் போட்டுக் கதவைத் திறக்காதே, அந்த உரிமையை நீயே விட்டுவிட்டுப் போனவன், மணியை அடி. நான் மேலே என் அறையில் இருப்பேன், கீழே வர மாட்டேன், நீ கூப்பிட்டாலொழிய. கவிதா கதவைத் திறப்பாளோ மாட்டாளோ எனக்குத் தெரியாது. திறக்காவிட்டால் அடுத்த சனிக்கிழமையும் வா.

இன்னொரு அப்பா உனக்குக் கிடைக்க மாட்டார் என்று அவள் சொன்னது சரியாக இருக்கலாம், இப்படிப்பட்ட ஒரு அப்பா கிடைக்காமல் இருப்பதே உனக்கு நல்லது. வேறு ஒருத்தி கிடைப்பாள் என்று சொன்னாளே, அதுதான் அவள் என்னிடம் சொன்ன ஒரே பொய்.

அப்பா